ஷாக் ஒழுகிய கார்

என் அப்பா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு காரைவிட்டு இறங்கியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. அது அவரால் ஆகாத காரியம். அந்தக் காரைப் பற்றி ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். மாதத்தின் கடைசி நாள், புதன்கிழமை. எனக்கு ஏழாம் மாதம் முடிகிற நாளும் அதுதான். திருவேங்கடத்தைத் தாண்டிக் கரிசலுக்கு நடுவே இருக்கிற என் புகுந்த வீட்டில் காலையில்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலை அடுக்கிக்கொண்டு, அப்பாவின் காருக்காக வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா வீடு சங்கரன்கோவிலில். அம்மா காலில் கட்டுப் போட்டுக் கிடந்ததால் அப்பா மட்டும் வருவதாக ஏற்பாடு.

இதில் அவசரம் என்னவென்றால், என் மாமியார் போட்டிருந்த மூன்று சட்டங்கள். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முதல் சட்டம், எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எட்டாம் மாதம் மறுநாள் பிறந்துவிடும், கூடவே ஆடியும். இரண்டாவது, புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். சரி, ஒன்றரை மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் கிளம்பலாமே என்று கேட்டால் மூன்றாவது சட்டம் தயாராக இருந்தது. உச்சி திரும்பின பிறகு கரிசல்காட்டு வழியே பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஆக, பன்னிரண்டு அடிப்பதற்குள் கிளம்பினால் உண்டு. இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதம்தான்.

எனக்கோ ஒரு நாள்கூட அங்கே இருக்க முடியாது. பயம்தான் காரணம். நர்ஸ் வேண்டுமென்றால் திருவேங்கடம் போக வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசலில் வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துபோகும். போன வருஷம் எங்கள் தெருவில் ஒருத்திக்குப் பாதி வழியில் மாட்டு வண்டியிலேயே பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் நான் அந்த வண்டியை நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த மாதங்களில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. கறுப்புக் கார். முன்பு ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் அடைகோழிகள் குடியிருந்த கார். அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்பதால் அதன் ஒவ்வொரு உறுப்பும் அவருக்கு இன்னும் அதிசயமாகவே இருந்தது.

இறங்கினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மகளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், குனிந்து பின்சக்கரத்துக்குள் தலையை விட்டுவிட்டார். விரலால் எதையோ தொட்டு முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்ததும் முதல் பேச்சு, வாங்க என்று சொல்ல வாயெடுத்த அத்தையிடம்தான்.

“ஷாக் லீக்காகுது மதினி. ரெண்டு மாசமா இப்படித்தான் ஓட்டிட்டுத் திரியுதேன்.”

அத்தை முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

அப்பா சொன்னது ஷாக் அப்ஸார்பரை. சக்கரத்துக்கு மேலே நிற்கிற ஒரு குழாய், உள்ளே எண்ணெய். வண்டி குழியில் விழுந்தால் அந்த அதிர்ச்சி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வராமல் அது வாங்கிக்கொள்ளும். மெக்கானிக்குகள் பாதிப் பெயரை விழுங்கிவிட்டு ‘ஷாக்’ என்றுதான் சொல்வார்கள், அப்பாவும் மெக்கானிக்குகளோடு சேர்ந்து அப்படியே சொல்லப் பழகிவிட்டார். அதன் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. விஷயம் இத்தனைதான்.

ஆனால் கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட் வந்துவிட்ட எங்கள் பக்கத்தில் ஷாக் என்றால் கரண்ட். ‘ஷாக் லீக்காகுது’ என்றால் கரண்ட் வெளியே கசிகிறது, தொட்டால் செத்தாய் என்று பொருள். அதற்கு வேறு பொருள் இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்ற வழியே இல்லை.

அத்தையின் ஒரே தம்பி அப்படித்தான் போனார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஈரக் கையோடு மோட்டாரை நிறுத்தப் போனவர். கரண்ட் அவரைத் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு அத்தை சுவிட்சைக் கையால் தொட்டதே கிடையாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பல்பு. அதற்கான சுவிட்சுப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, மோர் கடைகிற மத்தைத் தொங்கவிட்டிருந்தாள். விளக்குப் போட வேண்டுமென்றால் மத்தை எடுத்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன் நுனியால் தட்டுவாள். வந்த புதிதில் நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவள் பார்க்காதபோது.

அப்பா நிலைமை தெரியாமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, வினையே அதில்தான் வந்தது. பின்பக்கம் வலது சக்கரத்தில்தான் லீக் என்றார். ஷாக் நன்றாக இருந்தால் எல்லாவற்றையும் அதுவே வாங்கிக்கொள்ளும், இப்போது உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் நேராக வரும் என்றார். ரோடு நன்றாக இருந்தால் ஒன்றுமில்லை, குழியில் இறங்கும்போது மட்டும் டக்கென்று தூக்கிப் போடும் என்றார். உயிருக்கெல்லாம் ஒன்றும் ஆகாது மதினி என்று தைரியமும் சொன்னார்.

தூக்கிப் போடும் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஷாக் அப்ஸார்பரைப் படமாக வரைந்தார். டிராயிங் வாத்தியார் அல்லவா, படம் பிரமாதமாக வந்தது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவே தடித்த குழாய். அச்சு அசலாக எங்கள் பம்ப்செட் ரூமில் இருக்கிற ஃபியூஸ். கூட்டம் அந்தப் படத்தைச் சுற்றி நின்று பார்த்தது. ஒருத்தர் அதைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் பி.யு.சி. வரை படித்தவர். அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இது வேறு ஷாக், அது வேறு ஷாக் என்று சொல்லிப் பார்த்தார்.

“சாக்குல என்னலே, நல்ல சாக்கு கெட்ட சாக்குன்னு,” என்றாள் அத்தை. அவள் வாயில் ஷாக் எப்போதும் சாக்குதான்.

எனக்கோ உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. என்னை அனுப்பாமல் இருக்க இவளுக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஏழு மாதமாக என்னிடம் இதைத் தொடக்கூடாது, அதை மிதிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது வாசலில் நிற்கிற காரையும் கூடாது என்கிறாள். மணி பதினொன்று.

யாரோ போய்க் காயில் கட்டுகிறவரைக் கூட்டிவந்தார்கள். சுற்றுப்பட்டில் எந்த மோட்டார் எரிந்துபோனாலும் பிரித்துக் காயில் கட்டித் தருகிறவர் அவர். வாத்தியார்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டரைச் செருகியிருப்பார். கரண்ட் விஷயத்தில் அவர் சொன்னதுதான் ஊருக்குத் தீர்ப்பு. அவர் காரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, கதவு, பம்பர், சக்கரம் என்று ஒவ்வொன்றாக டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் விளக்கு எங்கேயும் எரியவில்லை. அப்பா எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“இப்ப வராது வாத்தியாரையா. ஓடும்போதுதான் வரும்,” என்றார் காயில் கட்டுகிறவர்.

அதற்கென்ன என்று அப்பா வீறாப்பாக எஞ்சினை ஓடவிட்டு, முன்மூடியையும் தூக்கிவிட்டார். இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வேண்டாம் மாமா என்றார், அப்பா கேட்கவில்லை. காயில் கட்டுகிறவர் உள்ளே குனிந்து, இடது கையால் முன்மூடிக்குக் கீழே எதையோ பிடித்துக்கொண்டு, வலது கையை ஏதோ ஒரு வயர்மேல் வைத்தார். ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற வயர். பழைய கார், அதற்கு ஏற்ற பழைய வயர், ரப்பர் எல்லாம் வெடித்துப்போய் இருந்திருக்கிறது. டெஸ்டர் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

தரையில் உட்கார்ந்தபடியே அவர் தன் கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்ததே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தன் தொழில்மேல் அவருக்கே இருந்த சந்தேகம் அன்றைக்குத்தான் தீர்ந்தது போலிருந்தது.

அது பிளக்குச் சமாச்சாரம், எந்தக் காரிலும் அங்கே தொட்டால் அடிக்கத்தான் செய்யும் என்று அப்பா மன்றாடினார். அதன் பலன், இனி எந்தக் காரிலும் ஏறுவதில்லை என்று இரண்டு பெண்கள் அங்கேயே முடிவெடுத்ததுதான்.

காயில் கட்டுகிறவர் வைத்தியமும் சொன்னார். பெட்ரோல் லாரிக்குப் பின்னால் ஒரு சங்கிலி தரையில் உரசிக்கொண்டே போகிறதே, எதற்காக? எர்த்துக்காக. அதே மாதிரி இதற்கும் கட்டினால் வருகிற கரண்ட் பூமிக்குப் போய்விடும். ஊரில் பெட்ரோல் லாரியைப் பார்க்காதவர் யாருமில்லை, அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தொழுவத்திலிருந்து மாட்டுச் சங்கிலி வந்தது. அதைப் பின்பம்பரில் கட்டினார்கள். நான் உட்காரும் இடத்தில் நாலு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் காலையில் வளைகாப்புக்கு உட்கார்ந்த அதே மணைப்பலகையை வைத்தார்கள். சாக்கைத் தடுக்கச் சாக்கு. எனக்குக் காலில் போட என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது ஓடம் மாதிரி இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அத்தை தலையை ஆட்டினாள். வேண்டாம், ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மணி பதினொன்று இருபத்தைந்து.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அந்த வண்டியில் பிறந்து தங்காமல் போன பிள்ளை என் கண்முன்னால் நின்றது. ஊரே கேட்கும்படி சொன்னேன்.

“நான் இங்கன கிடந்து சாகணும், அதான உங்களுக்கு வேணும். செத்துப்போன தம்பியச் சாக்கு வச்சு என்னை அனுப்பாம இருக்கப் பாக்கீய.”

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதாவது நான் அத்தையின் கையைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கொல்லையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு குடம், இன்னொரு குடம், இன்னும் ஒன்று. திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. பட்டுச்சேலை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. காலில் செருப்பில்லை. என்ன மதினி, நேர்த்திக்கடனா என்று ஒருத்தி கேட்டாள்.

“என் தம்பி ஈரக் கையாலதான தொட்டான். காஞ்ச கையில தொட்டுப் பாத்தா என்ன தெரியும்,” என்றாள்.

சங்கிலியை அவிழ்க்கச் சொன்னாள். சாக்கையும் பலகையையும் எடுக்கச் சொன்னாள். காருக்கு முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. மத்தில்லாமல் சுவிட்சைத் தொடாத அந்தக் கை நீண்டு போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தது. பிடித்து, விடாமல் அப்படியே நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஓடும்போதுதான் வரும் என்று காயில் கட்டுகிறவர் மறுபடியும் ஞாபகப்படுத்தினார். அவரை அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது.

அத்தை கதவைத் திறந்து பின்சீட்டில் வலதுபக்கம், ஒழுகுகிற சக்கரத்துக்கு நேர்மேலே ஏறி உட்கார்ந்தாள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள் அண்ணாச்சி என்றாள். அப்பா காரை எடுத்தார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அது வெறும் எண்ணெய் ஒழுகுகிற கார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் திரும்பி வர வேண்டுமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க் கோடியில் ஓடை குறுக்கே போகிற இடத்தில் ஒரு பெரிய குழி உண்டு. அங்கே கார் இறங்கியது எங்களுக்கே கேட்டது. ‘டங்’ என்று ஒரு சத்தம்.

கார் திரும்பி வந்தது. அத்தை இறங்கினாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கார்க்கூரையில் இடித்திருக்கிறது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“அடிச்சது. குழியில இறங்கும்போது தூக்கிப் போட்டது,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தாங்கலாம்,” என்றாள்.

அப்பா நேராகப் போய்க் காருக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். கோயில் புற்றுமண். சங்கரன்கோவிலில் பிறந்தவர்கள் வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கும், புற்றுமண் இல்லாமல் இருக்காது. வீக்கம், சொறி, வண்டுகடி எல்லாவற்றுக்கும் அதுதான். அத்தை அதை ஈரக் கையிலேயே குழைத்து நெற்றியில் அப்பிக்கொண்டாள். மீதி இருந்ததை அப்பாவிடம் நீட்டி, ஒழுகுகிற இடத்திலும் கொஞ்சம் வையுங்கள் என்றாள். ஒரு மணி நேரமாக விஞ்ஞானத்துக்காகத் தொண்டை கிழியப் பேசிய என் அப்பா, குனிந்து ஷாக் அப்ஸார்பருக்குப் புற்றுமண் பூசிவிட்டு வந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பினோம். சங்கிலியை மறுபடியும் கட்டினார்கள், சாக்கும் பலகையும் மறுபடியும் ஏறின, ஆனால் எனக்கு மட்டும். துணைக்கு வருவதாக இருந்த, என் வீட்டுக்காரரின் பெரியம்மாவை அத்தை இறக்கிவிட்டாள், தானே வந்தாள். என்னை இடதுபக்கம் உட்காரவைத்துவிட்டு, ஒழுகுகிற பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டாள். வெறுங்காலைக் காரின் அடி இரும்பில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். வலது கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். இடது கையை என் பலகைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.

“எனக்கு அடிச்சா உடனே சொல்லுதேன். நீ குதிச்சிரு,” என்றாள்.

என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்து குழி வருகிற இடத்தையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். குழி என்று அவர் சொன்னதும், பலகைக்கு அடியில் இருக்கிற அத்தையின் கை என்னைப் பலகையோடு ஒரு விரற்கடை தூக்கும். கார் குழியில் விழும். அத்தை மேலே போய் வருவாள். நான் அப்படியே இருப்பேன். திருவேங்கடம் வரைக்கும் எத்தனை குழி என்று எண்ணவில்லை, அந்த ரோட்டில் குழி எண்ணுவதைவிட ரோட்டை எண்ணுவது லேசு. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, உனக்கு அடித்ததா என்று கேட்டாள். இல்லை அத்தை என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிற்று. சங்கிலிச் சத்தத்தில் சொன்னாலும் கேட்டிருக்காது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன்.

சங்கிலி போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. திருவேங்கடம் கடைத்தெருவில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு புண்ணியவான் சைக்கிளில் வெகுதூரம் துரத்திக்கொண்டு வந்து, மூச்சு வாங்க வாங்க, மாடு அவிழ்ந்துபோய்விட்டது, சங்கிலி மட்டும்தான் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். வேறென்ன சொல்வது?

அம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது சேலை காய்ந்து, அத்தை நெற்றியில் புற்றுமண் வெடித்துப்போய் இருந்தது. இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கன்றிப்போய் நீலமாக இருந்தது. என் கனமும் பலகையின் விளிம்பும் வழியெல்லாம் அதன்மேல்தான். அம்மா பதறிப்போய், இதென்ன மதினி கையில் என்று கேட்டாள்.

“கரண்ட் அடிச்ச எடம்,” என்று சொல்லிவிட்டு அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, என் வீட்டுக்காரரோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, புற்றுமண்ணைக் கண்டு கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லையாம். சீல் போய்விட்டது, புற்றுமண்ணுக்கு நிற்காது சார் என்றாராம். போன வாரம் ஒரு லாரிக்காரர் ரேடியேட்டர் ஓட்டைக்கு வைத்துக்கொண்டு வந்தார், அது நின்றுவிட்டது, இது வேறு கேஸ் என்றும் சொன்னாராம். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஷாக் செத்தே பல நாளாகிவிட்டது, இதிலா பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிவந்தீர்கள், புள்ளை குலுங்கியிருக்குமே என்று திட்டினாராம். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் அதைக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கரிசல் ரோடு முழுவதும் ஒரு தடவைகூட நான் குலுங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளைத்தாய்ச்சி அழக் கூடாது என்று அம்மா அதட்டினாள்.

புரட்டாசியில் மகள் பிறந்தாள், ஆஸ்பத்திரியில், நல்லபடியாக. தையில் அவளைத் தூக்கிக்கொண்டு அதே காரில் ஊருக்குப் போனோம். அப்பா பின்பக்கம் இரண்டு ஷாக் அப்ஸார்பரையும் புதிதாக மாட்டியிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காரைவிட்டு இறங்கியதும் அப்பா பெருமையாகச் சொன்னார்.

“ஷாக் ரெண்டும் புதுசு மதினி.”

வாசலில் நின்ற அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள். அத்தை மட்டும் போகவில்லை. முன்னால் வந்து பிள்ளையை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கூடம் இருட்டாக இருந்தது. நானும் அப்பாவும் பின்னாலேயே போனோம். அவள் வலது கையை முந்தானையில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது. அவள் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது, மத்தைக் காணவில்லை.

“மத்து எங்க அத்தை?” என்றேன்.

“மோர்ப்பானையில கிடக்கு. அன்னைக்குக் காருல அம்புட்டு தூரம் வாங்கிட்டே வந்தேனே, என்ன ஆயிட்டேன்? துடைச்சிட்டுத் தொட்டா ஒண்ணுமில்ல ஏட்டி,” என்றாள்.

என் பக்கத்தில் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மதினி, அது கரண்டே இல்லை என்று தொடங்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் காலை என் பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் அப்பா அந்தக் காரைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தார்.